ஒன்றும் செருகாத போர்ட்

மார்ச் 11, செவ்வாய்.
இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். கணினியின் யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பெயர் போடும்போது, திரையில் ஒரு வரிக்கு மட்டும் பெயர் போடாமல் விட்டுவிட்டேன். அந்த வரியில் பச்சை எரிகிறது. ஆனால் அந்த இடத்தில் ஒன்றும் செருகவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். பிறகு என்று விட்டதுதான் தவறு.

எழுதியதை ஒருமுறை வாசித்தாள். கடைசி வரி கொஞ்சம் அதிகப்படியோ என்று தோன்றியது. அடிக்கப் பேனாவைக் கொண்டுபோய், அடிக்காமல் மூடினாள். மாலை வகுப்பில் கணினிப் பழுதுபார்ப்பு சொல்லிக்கொடுக்கும் மேடத்துக்கு ஒரே சட்டம்தான்: எழுதாத வேலை, செய்யாத வேலை. வகுப்பில் மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் மட்டும் அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கினாள். தன் மேலேயே நம்பிக்கை இல்லாதவர்களுக்கு நோட்டு ஒரு கைத்தடி.

அந்தக் கணினி அண்ணனுடையது. பாகம் பாகமாக வாங்கி அவனே பூட்டியது. கறுப்புப் பெட்டி, ஒரு பக்கம் கண்ணாடி. அதில் மேக் இயங்குதளத்தைப் போட்டு ஓடவைத்திருந்தான். ஒலிப்பதிவு வேலைக்கு அவனுக்கு அதுதான் தோது. மேக் தனக்கென்று செய்யாத பெட்டிக்குள் உட்கார மறுக்கும். தாஜா செய்து உட்காரவைக்க வேண்டும். "இது தத்துப்பிள்ளடி. சொந்தப் பிள்ளைக்கு தன் கை கால் எதுன்னு தானாத் தெரியும். தத்துப்பிள்ளைக்கு இதுதான் உன் கை, இதுதான் உன் கால்னு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுக்கணும்" என்பான். போன வருடம் வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனபோது தத்துப்பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டுப் போனான்.

சும்மா விட்டுவிட்டுப் போகவில்லை. அப்பாவுக்காக அதில் ஒரு மணி கட்டிவிட்டுப் போனான்.

அப்பா பஸ் கண்டக்டர். போன மழைக்காலத்தில், கடைசி ட்ரிப் முடிந்து வண்டி டிப்போவுக்குள் நுழைந்த நேரத்தில், பின் படிக்கட்டுப் பக்கம் சரிந்து விழுந்தார். பக்கவாதம். பேச்சு போயிற்று, கால்கள் போயின, இடது கை போயிற்று. வலது கையில் கட்டைவிரல் மட்டும் பழைய மிடுக்கோடு மிஞ்சியது. அந்த விரலுக்கடியில் அண்ணன் ஒரு பட்டனை வைத்தான். பட்டனிலிருந்து புறப்பட்ட கறுப்புக் கேபிள் அப்பாவின் முன்னறையைத் தாண்டி, நடையின் சுவரோரமாக ஊர்ந்து, சமையலறையைக் கடந்து, பின்னறையில் அவள் மேசைக்கடியில் இருக்கும் பெட்டியின் முன்பக்கத்தில் போய்ச் செருகிக்கொண்டது. பட்டனை அழுத்தினால் கணினி மணி அடிக்கும். அம்மாவின் கைபேசிக்கும் 'மணி' என்று ஒரு செய்தி போகும். அண்ணன் எப்போதோ ஒரு நாள் அப்பாவின் வண்டியில் ஏறிப் பதிவு செய்த அசல் மணியோசை அது. கயிற்றை இழுத்தால் டிரைவர் தலைக்கு மேல் விழுமே, அந்த ஒற்றை 'டிங்'.

ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் போகலாம். வீட்டிலும் அதே சட்டம்தான். ஒன்று என்றால் வா. வந்து தண்ணீர் கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, போர்வையைச் சரிசெய்தபின் இரண்டு அடிப்பார். ரைட், நீ போய்ப் படு. உயரம் குறைந்த மகளுக்கு அவர் சின்ன வயதிலேயே வைத்த பெயர் அரை டிக்கெட். இப்போது அந்தப் பெயரைக் கூப்பிட அவருக்கு வாயில்லை என்பதால் அம்மா கூப்பிடுகிறாள்.

போன வாரம் மேக் ஒரு அப்டேட் கேட்டது. அவள் கொடுத்தாள். அதோடு தத்துப்பிள்ளைக்குக் கை கால் மறந்துபோயிற்று. ஸ்பீக்கரில் சத்தம் இல்லை. கணினி தூங்கிவிட்டால் அப்பா அழுத்தியும் எழுவதில்லை. தூங்கவே விடாமல் வைத்தால் பெட்டி சூடேறித் தானாக அணைந்துவிடுகிறது. அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட். பாக்கிங் கம்பெனியில் மாலை ஏழுக்கு நுழைந்தால் விடிந்துதான் வெளியே விடுவார்கள். மணி கேட்கவில்லையென்றால் அப்பா இருட்டில் மூச்சுத் திணறினாலும் யாருக்கும் தெரியாது. போன மாதம் ஒரு நாள் திணறியும் இருக்கிறார். அன்றைக்கு மணி கேட்டது, பிழைத்தார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை முழுதும் உட்கார்ந்து, ஒரு பென் டிரைவை ஒவ்வொரு போர்ட்டாகச் செருகி, திரையில் எந்த வரி பச்சையாகிறது என்று பார்த்து, அதற்குப் பெயர் போட்டு, வேண்டாதவற்றை மூடினாள். பட்டன் செருகும் வரிக்கு 'அப்பா' என்று பெயர் போட்டாள். பெயர் இல்லாமல் பச்சையாக நின்ற அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டாள். ஸ்பீக்கர் இன்னும் பேசாததால் அன்று இரவு அப்பாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

காலையில் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறைக்கு வந்தாள்.

"ஏய் அரை டிக்கெட், என்னடி ராத்திரி பூரா? ஒண்ணு வருது, அப்புறம் ரெண்டு வருது. மறுபடி ஒண்ணு, மறுபடி ரெண்டு. அங்க மெஷினு முன்னாடி எனக்குக் கை ஓடல, கால் ஓடல."

"நான் இங்கதானம்மா படுத்திருந்தேன்."

"படுத்திருந்த, சரி. முழிச்சிருந்தியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஒன்று: கூப்பிட்டிருக்கிறார். இரண்டு: பாவம் தூங்கட்டும் என்று விட்டிருக்கிறார். இரவெல்லாம் கூப்பிடுவதும் விட்டுக்கொடுப்பதுமாக இருந்திருக்கிறார். தலைமாட்டில் தண்ணீர் இருந்தது, கால்மாட்டில் மகள் இருந்தாள், இரண்டும் எட்டவில்லை. அவள் அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். தலையணை நனைந்திருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பகலில் ஸ்பீக்கரைப் பேசவைத்தாள். தூக்கத்திலிருந்து எழுவது செவ்வாயன்றே சரியாகியிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் பழக்கத்தால், இரவில் கணினி எதனால் விழித்தது என்று பார்த்தாள். மேக் அதைக் குறித்துவைக்கும்.

இரட்டை மணிகள் எல்லாம் 'அப்பா' என்ற வரியிலிருந்து வந்திருந்தன. ஒற்றை மணிகள் எல்லாம் பெயர் இல்லாத வரியிலிருந்து வந்திருந்தன.

அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் ஏதோ தின்றுகொண்டே பேசினான்.

"அது உள்ள இருக்கிற ப்ளூடூத் கார்டா இருக்கும். வெளிய தெரியாத போர்ட் நிறைய உண்டுடி."

"ப்ளூடூத்துக்குத் தனியா ஒரு வரி இருக்குண்ணா. பேர் போட்டுட்டேன்."

"அப்ப மதர்போர்டுல சும்மா நிக்கிற பின்னா இருக்கும். தூசி, ஈரம். தத்துப்பிள்ளைக்கு இல்லாத விரல் அரிக்குது, அவ்வளவுதான். அந்த வரிய மூடிடு."

"ஒண்ணுக்குப் பதில் சொல்ற மாதிரித்தான் ரெண்டு போயிருக்கு. ஒவ்வொரு தடவையும். ராத்திரி ஸ்பீக்கர்ல சத்தமே வரலண்ணா. அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பக்கம் மெல்லுவது நின்றது.

"நீ தூக்கம் கெட்டுப்போய் உளர்ற. மூடிட்டுத் தூங்கு."

அன்று மாலை வகுப்பு இல்லை. அம்மா கிளம்பிப்போன பின், முன்னறை ஜன்னலில் கடைசி வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருக்க, அப்பாவின் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனால் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பட்டன் அவர் கையில் இல்லை. பால் சிந்தக் கூடாதென்று அவளேதான் எடுத்துப் பக்கத்து ஸ்டூலில், இரண்டு பேர் கண்ணுக்கும் முன்னால், வைத்திருந்தாள். தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து மூடும் சத்தம், மேல் வீட்டில் தண்ணீர் இறங்கும் சத்தம், ஸ்பூன் அப்பாவின் பல்லில் படும் சத்தம், இவற்றுக்கு நடுவே வீட்டின் பின்பக்கத்திலிருந்து, நடை முழுதும் தெளிவாகக் கடந்து, அது வந்தது.

டிங்.

ஸ்பூன் அவள் கையில் அப்படியே நின்றது. ஸ்டூலின் மேல் பட்டன், யாரும் தொடாமல்.

அப்பாவின் கை போர்வைக்குள்ளிருந்து பாய்ந்தது. மாதக்கணக்கில் அவ்வளவு வேகத்தை அவள் பார்த்ததில்லை. கிண்ணம் கவிழ்ந்தது, பால் அவர் மார்பில் வழிந்தது, அதைப் பொருட்படுத்தாமல் பட்டனைத் தட்டித் தடவிப் பிடித்து அழுத்தினார். டிங், டிங். பின்னறை அதைத் திருப்பிச் சொன்னது. பிறகு தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துக் கேட்டார். நெற்றி முழுதும் வேர்வை. அப்போதுதான் அவளுக்கு அந்த வாடை எட்டியது: மழையில் நனைந்த ரெக்சின் சீட், டீசல், நூறு பேர் கைபட்டுத் தேய்ந்த இரும்புக் கம்பி. அப்பாவின் காக்கிச் சட்டையைத் துவைக்கும்போது வரும் வாடைதான். ஆனால் காக்கிச் சட்டை இந்த வீட்டை விட்டுப் போய் மாதங்களாகிவிட்டன.

"அப்பா, யாரு?" என்று கேட்டாள். கேட்டபிறகுதான், என்ன என்று கேட்காமல் யார் என்று கேட்டுவிட்டோமே என்று உறைத்தது.

வியாழக்கிழமை பகலில் டிரைவர் மாமா வந்தார். அப்பாவோடு அதே வண்டியில் பல வருடம் ஓட்டியவர். வாரம் ஒருமுறை வந்து, பதில் சொல்ல முடியாத நண்பனிடம் டிப்போ வம்பெல்லாம் கொட்டிவிட்டுப் போவார்.

"என்ன கண்டக்டர் சார், இன்னும் லீவுதானா? உன் இடத்துல ஒரு பொடியனப் போட்டிருக்கான். டபுள் பெல் குடுக்கச் சொன்னா என்னமோ கோயில் மணி மாதிரி தொங்குறான்."

அப்பாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. அவருக்கு அது சிரிப்பு.

மாமா கிளம்பும்போது அவள் வாசல்வரை போனாள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டாள்.

"மாமா, அப்பா விழுந்த அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

மாமா செருப்பை மாட்டக் குனிந்தபடியே சொன்னார்.

"உங்கம்மாகிட்ட சொல்லாத. கடைசி ட்ரிப்பு, நல்ல மழை. ஸ்டாண்டுலயே எல்லாரும் இறங்கியாச்சு. வண்டில நானும் உங்கப்பனும்தான். டிப்போவுக்குத் திருப்புறேன், ஒரு பெல் விழுது. இவன் எதுக்கோ நிறுத்தச் சொல்றான்னு பிரேக்ல கால வைக்கிறேன். உடனே டபுள். சரின்னு போறேன். மறுபடி ஒரு பெல். மறுபடி டபுள். யோவ், விளையாடுறியான்னு கண்ணாடியில பாக்குறேன். உங்கப்பன் முன்னாடி, என் சீட்டுக்குப் பின்னாலயே நிக்கிறான். முகத்துல ரத்தம் இல்ல. நிறுத்தாத, நிறுத்தாத, போ-ங்கிறான். டிப்போ வர்ற வரைக்கும் அதே கத. ஒத்த பெல் பின்னாடியிருந்து. டபுள் இவன்."

"பின்னாடி யாரு?"

"டிப்போவுல நின்னதும் இவன் டார்ச்ச எடுத்துட்டுப் பின்னால போனான். படிக்கட்டு வரைக்கும்தான். விழுந்துட்டான்." மாமா குடையை விரித்தார். "நான் திரும்பிப் பாக்கல கண்ணு. இன்னிக்கு வரைக்கும் அந்தக் கண்ணாடியப் பாத்து ஓட்டுறதில்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். கண்டக்டர் டபுள் குடுத்தா வண்டி நிக்காது. எவன் அடிச்சாலும் நிக்காது. அதான் ரூலு."

அவர் போனபின் நடையில் நின்று அந்தக் கறுப்புக் கேபிளைப் பார்த்தாள். முன்னறையில் அப்பா, பின்னறையில் மணி. இறங்க வேண்டும், இறங்க வேண்டும் என்று ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டைவிரல் போ, போ என்று தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. இரவெல்லாம். தூங்காமல். அவர் கண்ணுக்கடியில் குழி விழுந்ததை நோய் என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்தப் பெயர் இல்லாத வரியை இன்றைக்கு மூடிவிட வேண்டும். கேட்கிறவனுக்கு வழி இல்லையென்றால் அப்பா தூங்கலாம். அவ்வளவுதான். சின்ன வேலை.

மேடம் சொன்னபடியே செய்தாள். கணினியை அணைத்தாள், மின்சார வயரைப் பிடுங்கினாள், கண்ணாடிப் பக்கத்தைக் கழற்றினாள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள். அண்ணன் சொன்னது சரிதான். மதர்போர்டின் அடியோரத்தில் ஊசி ஊசியாக ஒரு பின் கூட்டம், எதுவும் மாட்டாமல், சும்மா நின்றது. அதன் பக்கத்திலேயே அதே போன்ற இன்னொன்று. அதில்தான் முன்பக்கப் போர்ட்டிலிருந்து வரும் வயர் மாட்டியிருந்தது. தூசியாக இருந்தால் போகட்டும் என்று வயரைக் கழற்றி, இரண்டையும் பிரஷ்ஷால் துடைத்து, ஊதி, வயரைத் திரும்ப மாட்டினாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, விரல் நுழையாத இடத்தில், தடவி மாட்டினாள். சரியாக உட்கார்ந்தது.

கணினியைப் போட்டாள். "அப்பா, ஒண்ணு அடிங்க" என்று நடையிலிருந்து கத்தினாள். டிங். நோட்டில் எழுதிக்கொண்டாள்: சோதித்தாயிற்று.

வகுப்புக்குப் போய்வந்தாள். மழை பிடித்துக்கொண்டது. அம்மா கிளம்பிப்போனாள். அதன்பிறகு உட்கார்ந்து, பெயர் இல்லாத வரியை மூடி, கணினியைத் திரும்பத் தொடங்கவிட்டாள். எந்தக் கேபிளைத் தொட்டாலும் போர்ட்டுகளை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும் என்பதும் மேடம் சொன்னதுதான். முன்னறையை எட்டிப் பார்த்தாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பட்டன் உள்ளங்கைக்குள். வாய் லேசாகத் திறந்திருந்தது, மூச்சு சீராக வந்தது. எழுப்பி, இன்னொருமுறை அடிங்கப்பா என்று சொல்ல மனம் வரவில்லை.

ஒருமுறைதான் சோதித்தாயிற்றே.

விளக்கை அணைத்துவிட்டுப் பின்னறைக்கு வந்து படுத்தாள். மழை ஜன்னல் தகரத்தில் ஓடியது. பெட்டியின் விசிறி மெதுவாகிக்கொண்டே வந்து நின்றது. திரை கறுத்தது. தத்துப்பிள்ளை தூங்கிவிட்டது. அவளுக்கும் கண் சொருகியது. ஈரத் துணியின் வாடை வந்தது, கொடியில் துணி இருக்கிறது போல என்று நினைத்தாள். பிறகு டீசல்.

விசிறி சுழலத் தொடங்கியது.

திரையின் வெளிச்சம் அறையில் பரவியது.

டிங்.

எழுந்து உட்கார்ந்தாள். அதைத்தான் மூடியாயிற்றே. அப்படியானால் இது அப்பா. அப்பாதான் கூப்பிடுகிறார். தண்ணீராக இருக்கும். திரையில் பார்த்தாள்: விழிக்கச் செய்த வரி, 'அப்பா'. நிம்மதி நெஞ்சில் இறங்கியது. "வர்றேம்பா" என்று சொல்லிக்கொண்டே நடையில் நடந்தாள், வெறுங்காலில், தரை சில்லென்றிருந்தது.

முன்னறை விளக்கைப் போட்டாள்.

அப்பா விழித்திருந்தார். கண்கள் பிதுங்கியிருந்தன. கட்டைவிரல் பட்டனின் மேல் அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு. இரண்டு. இரண்டு. நகம் வெளுத்திருந்தது. விரல்நுனியில் தோல் உரிந்திருந்தது. அவர் வெகுநேரமாக அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

பின்னறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அவளுக்குப் புரிந்தது. டார்ச்சைக் கடித்துக்கொண்டு தடவி மாட்டிய வயர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பின் கூட்டம். மாற்றி மாட்டியிருக்கிறாள். மத்தியானம் அப்பா அடித்த ஒற்றை மணி பெயர் இல்லாத வரி வழியாகத்தான் வந்திருக்கிறது. அதைத்தான் மூடினாள். அவரைத்தான் மூடினாள். ஒன்றும் செருகாத இடம் இப்போது திறந்து கிடக்கிறது. 'அப்பா' என்ற பெயரில்.

டிங்.

பதில் இல்லை. முதல் தடவையாக.

ஓடினாள். நடையில் தோள் சுவரில் இடித்தது. கேபிளைப் பின்பக்கத்துப் போர்ட்டில் மாட்டினால் போதும். போதும். மேசைக்கடியில் முழங்காலில் விழுந்தாள். முன்பக்கத்திலிருந்து கேபிளைப் பிடுங்கினாள். பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கப் போர்ட். நுழையவில்லை. திருப்பி. நுழைந்தது. "அப்பா, இப்ப! இப்ப அடிங்க!"

ஒன்றுமில்லை. வேண்டாதவை என்று அவளே மூடியவை அவை. செவ்வாய்க்கிழமை. வரிசையாக. ஒவ்வொன்றாக.

கேபிளை உருவினாள். நுனி அவள் கையில் தொங்கியது. எதிலும் செருகாமல்.

நடையில் எங்கோ, நீளமாகக் காற்று இறங்கும் ஓசை. கனமான ஒன்று நிற்கும்போது வருமே, அது. பிறகு இரும்புப் படியில் ஒரு கால். ஈரமாக. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு கால்.

தரையில்.

டிங். டிங்.

அது அவள் கையிலிருந்த கேபிளிலிருந்து வரவில்லை. பெட்டியிலிருந்து வந்தது. ஆளை இறக்கிவிட்டால் அப்படித்தான் அடிப்பார்கள். போகலாம்.

மேசைமேல் கைபேசி ஒளிர்ந்தது. அம்மா. கடைசியாகப் போனது இரட்டை மணி அல்லவா. 'ரைட். நல்லா தூங்குங்க ரெண்டு பேரும்' என்று எழுதியிருந்தாள். உடனே வா என்று அம்மாவுக்குப் பதில் எழுதினாள். பின்கதவு வழியாகத் தெருவுக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. விட்டுவிட்டும் ஓட முடியாது. நோட்டை எடுத்துக்கொண்டாள். ஏன் என்று தெரியவில்லை. கை எதையாவது பிடித்துக்கொள்ளக் கேட்டது.

நடையில் சுவரை ஒட்டி நடந்தாள். தரை ஈரமாக இருந்தது. நடுவில் மட்டும். குனிந்து பார்க்கவில்லை.

அப்பா அப்படியே இருந்தார். மூச்சு வந்தது, உயிர் இருந்தது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் கதவருகே இருந்தன. பிறகு மெல்ல நகர்ந்தன. ஒரு நடைக்கு ஏற்ற வேகத்தில். அலமாரி. ஸ்டூல். கட்டிலின் கால்மாடு. அவள் முகத்தைத் தாண்டி, இடது தோளுக்குச் சற்று மேலே வந்து, நின்றன.

அவள் கழுத்தில் ஈரக் காற்று பட்டது. ரெக்சின் வாடை.

அவள் பிடித்திருந்த கையில் கட்டைவிரல் மட்டும் நிற்கவில்லை. இரண்டு. இரண்டு. இரண்டு. சத்தமில்லாமல்.

திரும்பக் கூடாது. அம்மா வர வேண்டும். மடியில் நோட்டைப் பிரித்தாள். எழுதாத வேலை, செய்யாத வேலை. எழுத்தை மட்டும் பார்த்தாள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து மை கலைந்தது. அதைச் சுற்றிக்கொண்டு எழுதினாள்.

மார்ச் 13, வியாழன்.
வயரை மாற்றி மாட்டிவிட்டேன். திரும்பச் சோதிக்கவில்லை. என் தவறு.
நாளை செய்ய வேண்டியது: அப்பாவின் போர்ட்டைத் திறக்க வேண்டும். ஒரு மணி அடித்து வண்டியை நிறுத்த வேண்டும். இறங்கியது திரும்ப ஏறினால், இரண்டு.